ஏட்டையா வேட்டியின் வெள்ளை

“வெள்ளைதானே வேணும்? என் வேட்டியப் பாத்து எடு தாயி. இதுக்கு மேல வெள்ளை தென்காசியில கெடையாது.”

சொன்னவர் ஓய்வுபெற்ற ஏட்டு சிவனணைந்தபெருமாள். மகன் தேவாவையும் நிச்சயித்த பெண் அனுசியாவையும் படமெடுக்கக் குற்றாலத்துக்குக் கூட்டி வந்திருந்தார். இந்தப் படங்கள் மனசுக்குப் பிடித்தால்தான் கல்யாணத்துக்கும் போட்டோகிராபர் மஞ்சு. இல்லையென்றால் செங்கோட்டை ஸ்டூடியோ.

மரத்தடி வெளிச்சம் முகத்தில் பச்சை பூசிவிடும். எது வெள்ளை என்று கேமராவுக்கு முதலில் காட்ட வேண்டும். அதற்கான அட்டையை மஞ்சு வீட்டிலேயே மறந்திருந்தாள். அதற்குப் பதில் ஏட்டையா வேட்டியைக் காட்டினாள். சாரலுக்காகக் கேமராவைப் பாலிதீன் பையில் மூடியிருந்ததால் திரையில் நிறம் சரியாகத் தெரியவில்லை.

மறுநாள் ஏட்டையா வீட்டில் லேப்டாப்பைத் திறந்தாள்.

“என்ன தாயி இது? எம் மருமகளுக்கு மஞ்சக்காமாலையா?”

“ஒங்க மவனுக்கும்தான்” என்றாள் மனைவி தங்கத்தாய். “அருவிகூட டீ ஆத்துன மாதிரில்லா விழுது.”

“பொண்ணு வீட்டுல பாத்தா ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிருவாக. செங்கோட்டைக்காரனுக்கே போனப் போடுதேன்.”

“அண்ணாச்சி, தப்பு கேமரா மேல இல்ல. நீங்க…”

மஞ்சு அவர் வேட்டியைப் பார்த்தாள். ஏட்டையா தன் வேட்டியைத் தானே துவைப்பவர். சொட்டு நீலத்தைச் சொட்டாக விடமாட்டார், ஊற்றுவார்.

“சும்மா சொல்லுட்டி” என்று தங்கத்தாய் எடுத்துக் கொடுத்தாள்.

“நீல வேட்டிய வெள்ளைன்னா கேமரா நம்பிரும் அண்ணாச்சி. நீலத்தக் கழிக்கேன்னு எல்லாருக்கும் மஞ்சள அப்பிரும்.”

“எவன் சொன்னான் நீலம்னு?”

படத்தில் அவர் நெற்றியில், குளித்த கையோடு அப்பிய திருநீறு. எந்தச் சாயமும் இல்லாத சாம்பல். இதுதான் நிறமில்லாத இடம் என்று மஞ்சு அதில் மவுஸை வைத்துச் சொடுக்கினாள்.

அருவி வெளுத்தது. அனுசியா தேறினாள். தேவா பிழைத்தான். ஏட்டையா இடுப்புக்குக் கீழே இளநீல வானம்.

“இதக் கட்டிக்கிட்டா திரியுதேன்?”

“ரிட்டையர் ஆனதுலேர்ந்து. நான் சொன்னா கேக்கல. இப்ப ஒங்க நெத்தியே சொல்லுது.”

“தாயி, வேட்டிய மட்டும் வெள்ளையாக்க முடியுமா?”

முடியும். மஞ்சு தங்கத்தாயைப் பார்த்தாள். தங்கத்தாய் தலையை ஆட்டினாள், குறுக்கே.

“முடியாது அண்ணாச்சி. ஒண்ணு வேட்டி, இல்லன்னா மருமக.”

ஏட்டையா படத்தையே முறைத்தார்.

“மருமகளே இருக்கட்டும். கல்யாணத்துக்கும் நீயே வா. அட்டைய மறந்துட்டு என் பக்கம் வந்துராத.” எழுந்து கொல்லைப்புறம் போனவர் அங்கிருந்து கத்தினார்: “ஏட்டி, நீல பாட்டில எங்க வச்ச?”

“குப்ப வண்டி கொண்டு போயிட்டு.”