யெவ்சேயின் குறடு

கேப்டன் லூகின் தரையிறங்கும் ஒவ்வொரு முறையும், இவன் சாகட்டும் என்று கிளாஃபிரா நினைத்துக்கொண்டாள். அவனுடைய விமானத்துக்கு மெக்கானிக் அவள்தான்.

ஜெர்மானியரோடு போர் நடந்த ரஷ்யாவின் லடோகா ஏரிக்கரையில் இருந்த அந்த விமானப் படைப்பிரிவில் எல்லாமே பழைய குட்டைமூக்குச் சண்டை விமானங்கள். விமானிகள் அவற்றைக் கழுதை என்றே கூப்பிட்டார்கள். சக்கரத்தை ஏற்றவும் இறக்கவும் விமானி உள்ளே உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்ற வேண்டும். பாதியில் கம்பிவடம் சிக்கிக்கொண்டால் அதை வெட்டிவிட வேண்டும். சக்கரம் தன் எடையிலேயே கீழே விழும். அதற்காக ஒவ்வொருவர் இருக்கையின் கீழும் கம்பி வெட்டும் குறடு ஒன்று இருக்கும்.

பனிக்காலத்தில், அதே பிரிவில் விமானியாக இருந்த அவள் தம்பி யெவ்சேய்க்கு வடம் சிக்கியது. குறடு இல்லை. சக்கரமில்லாமல் விமானத்தின் வயிற்றாலேயே தரையில் இறங்கினான், விமானம் குப்புறக் கவிழ்ந்து அவன் கழுத்து முறிந்தது. ‘விமானியின் அஜாக்கிரதை’ என்று விசாரணைக் குழு எழுதியது. ஊரில் அம்மாவுக்கும் அதே வார்த்தைதான் போய்ச் சேர்ந்தது.

பிறகு அவளை லூகினின் விமானத்துக்கு மாற்றினார்கள். முதல் நாள் துடைக்கும்போதே அவன் இருக்கைக்கு அடியில் யெவ்சேயின் குறடு கிடைத்தது. கையுறையோடு பிடித்தால் வழுக்குகிறது என்று தம்பி சொன்னதால், அதன் பிடியில் நீலத்துணி சுற்றிக்கொடுத்தவள் அவள்தான்.

“தோழர் கேப்டன், இந்தக் குறடு யாரோடது?”

“எல்லாக் குறடும் செம்படையோடதுதாம்மா,” என்று சிரித்தான் லூகின். காது மட்டும் சிவந்துபோயிற்று.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அவன் கிளம்பும் முன் அதை எடுத்துத் தன் பஞ்சுச்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள், அவன் இறங்கியதும் திரும்ப வைத்தாள். வேறொன்றும் செய்யவில்லை. வடத்தை முன்னைவிட நன்றாகவே துடைத்தாள், கிரீஸ் தடவினாள். அவள் கைக்கு அரைகுறை வேலை செய்ய வரவில்லை.

“அந்தத் தடியனுக்கு இவ்வளவு கிரீஸாடி?” என்றாள் குண்டு நிரப்பும் தோஸ்யா. “கஞ்சியில விட்டிருந்தா நாமளாவது தின்னிருப்போம்.”

தன் கையால் அவனைக் கொல்ல வேண்டும் என்பதுகூட இல்லை. அவன் கை ஒருமுறை இருக்கைக்கு அடியில் துழாவ வேண்டும். அங்கே ஒன்றும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் கேட்டது.

பனி உருகத் தொடங்கிய ஒரு பகலில் அது நடந்தது. லூகினின் விமானம் திடலைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு சக்கரம் இறங்கியிருந்தது. மற்றது பாதியில் நின்றது.

“வெட்டேன்டா கழுதை!” என்று வானத்தைப் பார்த்துக் கத்தினாள் தோஸ்யா. “என்ன பண்றான் இவன்? தூங்கறானா?”

கிளாஃபிராவின் கை பைக்குள் இருந்தது. சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். ஆனால் மேலே துழாவியது லூகினின் கையாகத் தெரியவில்லை. நகத்தைக் கடித்துக் கடித்துக் குட்டையாக்கிய யெவ்சேயின் விரல்களாகத் தெரிந்தன. தம்பியின் கடைசி நிமிஷத்தைக்கூட இவன் வழியாகத்தானா பார்க்க வேண்டும்? அதற்காக அவனை இன்னும் வெறுத்தாள்.

இறக்கை தரையில் உரசியது. விமானம் பம்பரம்போலச் சுழன்று மூக்கைச் சேற்றில் குத்தி நின்றது. லூகினை உயிரோடு இழுத்தெடுத்தார்கள். தோள் எலும்பு முறிந்திருந்தது, முகமெல்லாம் ரத்தம்.

மறுநாள் பதுங்குகுழிக்குள் விசாரணை. மேஜர் கேட்க, எழுத்தர் எழுதினார். கட்டுப்போட்ட முகத்தோடு லூகின் சொன்னான்:

“என் தப்புதான். குறடு இருக்கான்னு பாக்காம ஏறிட்டேன். மெக்கானிக் மேல ஒரு தப்பும் இல்ல.”

சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இதோடு சரியாகிவிட்டது, இல்லையா என்று கேட்டது அந்தப் பார்வை.

“பொழைச்சேடி நீ,” என்று தோஸ்யா முழங்கையால் இடித்தாள். “வாயை மூடிட்டு நில்லு.”

எவ்வளவு மலிவாக முடித்துவிட்டான்! அவனுக்கு ஒரு கண்டிப்பு. மார்பில் இருக்கும் பதக்கம் மார்பிலேயே இருக்கும். யெவ்சேய் மட்டும் அஜாக்கிரதைக்காரனாக மண்ணுக்குள் கிடப்பான்.

“பொய், தோழர் மேஜர்,” என்றாள் கிளாஃபிரா. “அந்தக் குறடு? அதை எடுத்தது நான். தினமும் எடுத்தேன். வேணும்னேதான் எடுத்தேன்.”

மேஜர் எழுந்துவிட்டார். “என்ன சொல்றேன்னு தெரிஞ்சுதான் சொல்றியா? இதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?”

“தெரியும். எழுதிக்கோங்க. ஆனா ஏன் எடுத்தேன்னு அவரைக் கேளுங்க.”

“கிளாஃபிரா, வேண்டாம்,” என்றான் லூகின். “உன்னைச் சுட்டுடுவாங்க.”

“நீங்க சொல்லுங்க, தோழர் கேப்டன்.”

அவன் மேஜரைப் பார்த்தான், எழுத்தரைப் பார்த்தான். அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

“அது யெவ்சேயோட குறடு,” என்று முனகினான். “என்னோடது தொலைஞ்சு போச்சு. அன்னிக்குக் காலையில அவன் விமானத்துலேருந்து எடுத்தேன். அவன்கிட்ட சொல்லல. சாயங்காலம் திரும்ப வெச்சுடலாம்னு…”

காவலாளி அவள் கையைப் பிடித்தான். அவள் நகரவில்லை.

“சத்தமா சொல்லுங்க,” என்றாள். “எழுதறவருக்குக் கேக்கல.”