இருதயமேரியின் சோம்பல்

என் தங்கை இருதயமேரியைக் கட்டியவர் சவுரிராயன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஒரு சேரி மாதா கோயிலுக்கு உபதேசியார். பங்குச் சாமியார் எப்போதாவது பூசைக்கு வந்துபோவார். மற்றபடி செபம், ஞானோபதேசம், சனங்களின் சந்தேகம் எல்லாம் இவர் பொறுப்பு. கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் கெட்டவர் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

அந்த வருஷம் பாஸ்கு என்கிற ஈஸ்டர் திருநாளுக்கு நான் விழுப்புரத்திலிருந்து ரயிலேறிப் போயிருந்தேன். திண்டிவனத்து டூரிங் கொட்டகையில் ஒரு சிரிப்புப் படம் ஓடிக்கொண்டிருந்தது. உபதேசியாருக்கு சினிமா எதற்கு என்று சாமியார் முகம் சுளித்தாராம். படத்தில் ஒரே வீட்டில் ஏழு பேர் குடியிருக்கிறார்கள், ஏழு தலையான பாவங்களில் ஆளுக்கொன்று, சனங்களுக்கு விளக்க வசதி என்று பேசி இவர் உத்தரவு வாங்கிவிட்டார். தெருவே போய் மணலில் உட்கார்ந்து பார்த்தது.

திரும்பி நடக்கும்போதே பாடம் ஆரம்பமாகிவிட்டது. கண்ணாடியை விட்டு நகராத மைனர் எந்தப் பாவம் என்று கேட்டார். அகங்காரம் என்றார்கள். பூட்டுக்கு மேல் பூட்டுப் போடுகிறவன் உலோபம், பக்கத்து இலையையே பார்த்துப் பெருமூச்சு விடுகிறவள் காய்மகாரம். கடைசியில் பரமானந்தம் வந்தான். படம் முழுக்கப் பாயும் கையுமாக அலைந்து, கண்ட இடத்தில் படுத்துக்கொள்கிறவன். சோம்பல் என்று எல்லாரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து இருதயமேரி மூச்சு வாங்கி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். நம்ம பரமானந்தம் இங்கே இருக்கான் என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவளும்தான்.

பெயர் ஒட்டிக்கொண்டது. மல்லாட்டைக் கடலை பிடுங்கும்போது வரப்பில் சாய்ந்தால் பரமானந்தம், மத்தியானம் கண் அயர்ந்தால் பரமானந்தம். வேறு தெருவென்றால் கேலியோடு போயிருக்கும். இவள் உபதேசியார் பெண்டாட்டி. புருஷன் பாவம் என்று சொன்னால் அவளுக்கு அது பாவம்தான். சாமியார் வரும்போதெல்லாம் பாவசங்கீர்த்தனத்தில் அவர் காதில் சோம்பலையும் தன் பாவமாகச் சொல்லி அழுதிருக்கிறாள். எல்லாருக்கும் முன்னால் எழுந்து தண்ணீர் சுமந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கிறிஸ்துமஸுக்குப் போனபோது அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தன. நான் கேட்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அண்ணி, உங்க தங்கச்சி இப்பல்லாம் படுக்கறதே இல்லீங்க. சுவத்துல சாஞ்சிக்கினு செபம் சொல்லிக்கினே தூங்கிடறா. கோயில்ல கூட எல்லாருக்கும் எடுத்துச் சொன்னேன்."

அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

"படுத்தா மூச்சு அடைக்குதுக்கா. அவருகிட்ட சொல்லிடாத. எவ்ளோ சந்தோசமா இருக்காரு பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் வாயில் வந்ததையெல்லாம் அவரைத் திட்டினேன். அப்போதே வண்டி கட்டித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இருதயம் வெகுநாளாகவே கெட்டுப்போய் வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். படுக்க முடியாமல் எத்தனை நாளாக உட்கார்ந்தே தூங்குகிறாள், ஏன் அப்போதே கூட்டிவரவில்லை என்று கேட்டார். சவுரிராயன் தலை கவிழ்ந்தது.

"இவ திருந்திட்டான்னு நெனச்சேங்க."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளக்கிச் சொல்ல எனக்கும் மனமில்லை.

மருந்து கேட்கவில்லை. சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டு, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தைப்பூசுதலும் கொடுத்துவிட்டுப் போனார். தலையணைகளில் சாய்ந்திருந்தவள் புருஷனைக் கிட்டே வரச் சொன்னாள்.

"இன்னைக்கி சோம்பல சொல்லலீங்க. அது நோவுன்னு டாக்டரு சொல்லிட்டாரே. அப்ப இத்தினி நாளா செய்யாத பாவத்த சாமியாருகிட்ட சொல்லிக்கினு இருந்தேனே, அது பொய்யிங்களா?"

இல்லடி, இல்லடி என்றேன் நான். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் சொல்லி என்ன? உபதேசியார் சொல்ல வேண்டும். ஊருக்கெல்லாம் பதில் சொன்னவர் அவள் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்து, பதில் தெரியாமலே என் தங்கை செத்துப்போனாள்.