சுண்டுவிரலுக்கு எட்டுப் பயிற்சிகள்

1

இந்த 1998 தீபாவளி மலருக்கு இசை சம்பந்தமாக ஒரு கதை கேட்டார்கள். சிரிக்கும்படி இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். விரல் பலத்துக்காகச் செங்கல் தூக்கிய பேஸ் கிடார்காரன் ஒருவனின் கதை என்னிடம் இருந்தது. சிரிப்பு வரும் என்று நம்பித்தான் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘செட்டியார்பட்டி பொன்னுராஜுக்கு ஒன்பது விரல்கள் அடங்கிப் போயின. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் மாமியாரைப் போல—’

அடித்துவிட்டேன். ஆள் யாரென்று சொல்வதற்குள் கதை அவனைக் கேலி செய்யத் தொடங்கிவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: 1988 பங்குனியில் பொன்னுராஜுக்கு இருபத்தொன்பது வயது. வீடு செட்டியார்பட்டியில். வேலை ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில். ஓடுகிற கதிரில் நூல் அறுந்தால் நொடியில் விரலால் ஒட்டிவிட வேண்டும். ஷிப்ட் இல்லாத நேரத்தில் சங்கரலிங்கத்தின் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தான்.

[தெரியாதவர்களுக்கு: பேஸ் கிடாருக்கு நாலே கம்பிதான்; சைக்கிள் பிரேக் கம்பி கனம். கூட்டத்தில் அதை யாரும் தனியாகக் கேட்பதில்லை. நின்றுபோனால் மட்டும், பாட்டு தரையில் கால் பாவாமல் போவது எல்லாருக்கும் தெரியும்.]

இது போதும். இப்படியே போகிறேன்.

2

கோயில் பொங்கல் கச்சேரி என்றால் ஐந்து மணி நேரம். மூன்றாவது மணியில் பொன்னுராஜின் சுண்டுவிரல் சோர்ந்துவிடும். கம்பியை முழுதாக அமுக்காது. சுரம் வராமல் சரசரவென்று சத்தம் வரும். ஒருநாள் ஒத்திகையில் சங்கரலிங்கம் ஆர்கனை நிறுத்தினார்.

“ஏலே பொன்னுராஜு, ஒன் கிடாரு மூச்சு வாங்குதுலே. ஆடிக்குள்ள சரி பண்ணிக்கோ. இல்லன்னா மதுரைலருந்து ஒருத்தன் வாரேங்கான்.”

அந்த வாரமே அவனுக்குப் பழைய பேப்பர் கடையில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைத் தாள் அகப்பட்டது. பேஸ் கிடார் வாசிக்கிறவர்களுக்கான உடற்பயிற்சிகள், படங்களோடு. எழுத்தெல்லாம் இங்கிலீஷ். அதை ஸ்ரீவில்லிபுத்தூரில் டுடோரியலில் இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்த ஐயாதுரையிடம் கொண்டுபோனான். ஐயாதுரை பத்திரிகைகளுக்குக் கதைகள் அனுப்பி அனுப்பித் திரும்பி வரப்பெற்றவன். இரண்டு நாளில் அழகான கையெழுத்தில் தமிழாக்கிக் கொடுத்தான்.

ரப்பர் பந்தைப் பிசைவது. விரல்களைச் சுற்றிச் சைக்கிள் டியூப் வளையத்தை மாட்டி, வெளிப்பக்கமாக விரிப்பது. அரிசி நிரம்பிய வாளிக்குள் கையை நுழைத்து மூடித் திறப்பது. கம்பின் நடுவே கயிறு கட்டி, கயிற்று நுனியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டு, மணிக்கட்டால் சுருட்டிச் சுருட்டி மேலே ஏற்றுவது. செங்கல்லை விரல் நுனியில் கவ்வி முழங்கையை மடக்கி நிற்பது. தோளுக்கும் முதுகுக்கும் தண்டால். இப்படி எட்டு.

3

பொன்னுராஜ் அதைச் சோற்றுப் பருக்கையால் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினான். ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக் கூடக் கழற்றாமல் செங்கல்லை எடுப்பான். தாளில் பத்து முறை என்றிருந்தால் முப்பது முறை. ஆடி மாதக் கச்சேரிகளில் ஐந்து மணி நேரமும் அவன் கிடார் சோரவில்லை. மதுரைக்காரனைப் பற்றிய பேச்சு அதோடு நின்றது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சங்கரலிங்கம் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார். பொன்னுராஜ் எண்ணிக்கையை ஐம்பதாக்கினான்.

[இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் மலர்க்காரர்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.]

கார்த்திகையில் முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்வது போல வலித்தது. பிறகு விரல் மரத்தது. ஒருநாள் காலையில் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவிக் காலில் கொட்டியது. அவன் மனைவி பரிபூரணம் துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இந்தாருங்க, ஒரு வாரம் அந்தக் கல்லத் தொடாம இருங்களேன்.”

“எட்டாவத வாசிச்சுப் பாரு.”

அவள் எழுத்துக் கூட்டி வாசித்தாள். ‘வலி என்பது விரல் விழித்துக்கொள்ளும் ஓசை. அன்றைக்கு நிறுத்தாதே.’

“பாத்தியா? வெள்ளக்காரன் சும்மாவா எழுதுவான்?”

“எழுதுனவனுக்கு இப்படி வெரல் மரத்துச்சான்னு கேட்டுட்டு வாங்க, போங்க.”

4

ஐயாதுரை என்று யாரும் இல்லை.

மூன்று பிரதிகளில் அவனை வைத்து எழுதிப் பார்த்தேன். ஒன்றில் குடிகாரனாக்கினேன். ஒன்றில் ஏழைத் தாய்க்கு ஒரே மகனாக்கினேன். எதிலும் அவன் செய்தது சிறியதாகவில்லை. டுடோரியலில் இங்கிலீஷ் எடுத்தவன் நான்தான்.

அந்தத் தாளின் அடிப்பகுதி கிழிந்திருந்தது. எட்டாவது பயிற்சியில் ‘வலி வந்தால்’ என்பது வரைதான் இருந்தது. அதற்கு மேல் தாள் இல்லை. ‘இங்கே கிழிந்திருக்கிறது’ என்று எழுதியிருக்கலாம். எனக்கு அது மொட்டையாகப் பட்டது. மீதியை நானே எழுதினேன். எழுதியபின் இரண்டு முறை வாய்விட்டு வாசித்து, நன்றாக அமைந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். இதைச் செய்தவன், பொன்னுராஜை ‘அவர்’ என்றாவது எழுத வேண்டும். இனி அப்படியே எழுதுகிறேன்.

பரிபூரணம் சொன்னபடி அவர் கேட்க வந்தார். பகல் பதினொரு மணி. கரும்பலகை முன்னால் நான். பெஞ்சுகளில் இருபது பேர். வாசலில் இடது கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“சார், செத்த நேரம்.”

போனேன்.

“வலி தாங்க முடியல சார். அந்தக் கடேசி வரி… தாள்ல அப்படியேதான் போட்டிருக்கா?”

இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லை என்றால், பிறகு யார் எழுதினது என்று கேட்பார். அவ்வளவுதான் காரணம். வேறு காரணம் இருக்குமா என்று பத்து வருஷமாகத் தேடுகிறேன்.

“அப்படித்தான் போட்டிருக்கு, பொன்னுராஜ்.”

“அப்பச் சரி சார். நாந்தான் பயந்துட்டேன்.”

5

இந்தப் பகுதியைச் சுருக்கமாக எழுதுகிறேன். நீட்டினால் அலங்காரம் வந்துவிடும்.

தை மாதம் சுந்தரபாண்டியத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. இரண்டாவது பாட்டில் அவருடைய சுண்டுவிரலும் மோதிர விரலும் உள்பக்கமாக மடங்கின. கம்பியில் மாட்டிக்கொண்ட விரல்களை வலது கையால் பிரித்தெடுத்தார். சங்கரலிங்கம் வாசித்துக்கொண்டே, “விட்ருலே, போய் உக்காரு” என்றார். பொன்னுராஜ் உட்காரவில்லை. பாட்டு முடியும்வரை கிடாரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்.

மதுரையில் டாக்டர், முழங்கையில் நரம்பு நசுங்கிவிட்டது என்றார். அறுத்துப் பார்த்தும் விரல்கள் நிமிரவில்லை. “வலி ஆரம்பிச்சப்பவே ஏன் வரல? யாரு இதையெல்லாம் செய்யச் சொன்னா?” என்று டாக்டர் கேட்டாராம். “நானாத்தான் செஞ்சேன்” என்று இவர் சொன்னாராம். பரிபூரணம் பக்கத்தில்தான் இருந்திருக்கிறார்.

மில்லில் நூல் ஒட்ட அந்தக் கை உதவவில்லை. கழிவுப் பஞ்சு கூட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். மதுரைக்காரன் வந்துவிட்டான்.

6

ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் கழித்து என்னைத் தேடி மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் ஒன்று கையில் இருந்தது. அதிலும் பயிற்சிகள். அதுவும் இங்கிலீஷ்.

“அங்க ஒரு கம்பவுண்டர் சொன்னாரு. மனசுல நிக்கல. நீங்க சொன்னாத்தான் சார் வெளங்கும்.”

டுடோரியல் வாசலில் நின்று வாசித்தேன். வெந்நீரில் கையை வைக்கவும். மறு கையால் விரல்களை மெதுவாக நிமிர்த்தவும். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். இந்தத் தாள் எங்கும் கிழியவில்லை. கடைசி வரி: வலி வந்தால் உடனே நிறுத்தவும்.

அதையும் வாசித்தேன்.

பொன்னுராஜ் மடங்கிக் கிடந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுமையாக ஒரு கணக்கைச் சரிபார்க்கிற முகம். பிறகு கேட்டார்.

“அப்ப, அது வாசிக்கிற கைக்கு. இது வாசிக்காத கைக்கு. அப்படித்தான சார்?”

இதற்கு மேல் இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் வலது கையால் என்னை அறைகிறார். இன்னொன்றில் நான் சொல்கிறேன்; அவர், ‘எனக்கு முன்பே தெரியும்’ என்கிறார். இரண்டுமே வாசிக்க நன்றாக இருக்கின்றன. இரண்டிலும் நான் உண்மையைச் சொல்கிறேன். அதனால் இரண்டும் பொய்.

நடந்தது இது.

“ஆமா,” என்றேன்.

“அதான பாத்தேன்,” என்றார். முகம் தெளிந்துவிட்டது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

மலர் வந்தால் ராஜபாளையத்துக் கடைகளிலும் தொங்கும். பெயர்களை நான் மாற்றவில்லை. யாராவது கொண்டுபோய்க் கொடுப்பார்கள். பரிபூரணம் எழுத்துக் கூட்டி வாசிப்பார். பொன்னுராஜ் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். இந்த வரிக்கு வந்து சேர்ந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை வாசிக்கிற நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எழுதினால், அவர்கள் என்னை மன்னித்துவிடுவார்கள்.