கழுவ வரும் தட்டுகள்

எச்சில் சோறு நிரம்பிய பீப்பாயை ஒற்றை ஆளாகத் தூக்க முடியாமல், எங்கள் கடையின் பின்வாசலில் நின்று பன்றிப் பண்ணைக்காரர் என் வீட்டுக்காரரை ஒரு கை பிடிக்கக் கூப்பிட்டார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். இடுப்பை நிமிர்த்திக்கொண்டே பண்ணைக்காரர், "எத்தனையோ ஓட்டல்ல எடுக்கிறேன் சார். ஆனா எங்க பன்னிங்களுக்கு உங்க கடைச் சாப்பாடுதான் உசுரு" என்றார். மனுஷன் மனசாரத்தான் சொன்னார். இவருக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது. "நம்ம கைப்பக்குவம் அப்படி" என்று சிரிக்கிறார்! கழுவுதொட்டிப் பக்கம் நின்றிருந்த எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

மதியமானால் எங்கள் கடையில் உட்கார இடம் கிடைக்காது. பார்க்கிறவர்கள் நாங்கள் மாடி மேல் மாடி கட்டப்போகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அரிசிக்காரர், காய்கறிக்காரர், கேஸ்காரர் என்று வரிசையாகக் கொடுத்து முடித்தால் எங்கள் இருவருக்கும் மிஞ்சுவது கால்வலிதான். இதைப் பார்த்துப் பொறுக்காமல் என் அண்ணன் தான் வேலை பார்க்கும் கிடங்கிலேயே இவருக்கும் ஓர் இடம் பேசி வைத்துவிட்டார். "கடைய மூடிட்டு வந்து சேருங்க மாப்பிள்ளை. மாசச் சம்பளம், வாரத்துல ஒரு நாள் லீவு. எதுக்கு அடுப்புல கிடந்து வேகுறீங்க?" என்றார். மாசக் கடைசிக்குள் பதில் சொல்வதாக இவரும் தலையாட்டிவிட்டார். கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இவரை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. உண்மையைச் சொன்னால், கடை இல்லாமல் என்னையே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இவர் இருப்பது முன்பக்கம், கல்லாவில். போகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். முகம் மலர்ந்திருந்தால் கடை நன்றாக நடக்கிறது என்று கணக்கு. நான் இருப்பது பின்பக்கம். எனக்கு முகம் தெரியாது, தட்டுதான் தெரியும். மீன் என்றால் முள் மட்டும் வரும். முட்டை திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. சோறுதான் பாதிக்குப் பாதி வரும். சாம்பார் வாளி மாதிரி ஆழமான தட்டு, அதில் இவர் சொல்லிவைத்த அளவு. ஆனைக்குப் போடுகிற கவளம்தான். ஒரு தட்டு மட்டும் தினமும் டிஷ்யூ பேப்பரால் போர்த்தி மூடிக்கொண்டு வரும். யாருடையது என்று எனக்குத் தெரியாது.

"சின்னத் தட்டா மாத்துவோம். வேணுங்கிறவங்க இன்னொரு தடவ கேட்டு வாங்கிக்கட்டும், அதுக்குக் காசு வேணாம்" என்றேன்.

இவர் என்னமோ நான் கடையைக் கொளுத்தச் சொன்ன மாதிரி பார்த்தார். "கேட்டு வாங்கித் திங்கணுமா? நம்ம கடையிலயா?"

நான் விடவில்லை. நச்சரித்து நச்சரித்துத் தட்டை மாற்றினேன். மாற்றி என்ன? பீப்பாய் அதே கனம் கனத்தது. தட்டு சிறுத்தும் சோறு மிஞ்சுகிறது என்றால் இது என்ன மாயம்? ஒரு மதியம் கையைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். பரிமாறும் ஜன்னல் அருகே இவரே கரண்டியோடு நிற்கிறார். சின்னத் தட்டில் சோற்றைக் குவித்து, கரண்டியின் முதுகால் தட்டித் தட்டி இறுக்கி, அதன் மேல் இன்னொரு கரண்டி. தட்டைத் தூக்கிப் போனவருக்கு நடை தள்ளாடுகிறது. மேசையெல்லாம் பருக்கை. சாப்பிட உட்கார்ந்தவர்கள் எங்கிருந்து தோண்டுவது என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

கூட்டம் வடிந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? இதுக்கு அண்டாவையே தூக்கி அவங்க முன்னாடி வெச்சிடலாமே! கடை மூடினா மூடட்டும்னு இருக்கீங்களா?"

இவர் மேசையில் சிதறிய பருக்கைகளைப் புறங்கையால் கூட்டிக்கொண்டே சொன்னார்.

"சித்தப்பா வீட்ல தங்கிப் படிச்சேன்ல. சித்தி ஒண்ணும் திட்ட மாட்டாங்க. இன்னும் கொஞ்சம்னு கேட்டா, கரண்டிய பானைக்குள்ள விட்டுட்டு ஒரு நிமிஷம் அப்படியே நிப்பாங்க. அவ்வளவுதான். அப்புறம் போடுவாங்க. அந்தச் சோறு தொண்டைல இறங்காது. நம்ம கடைக்கு வர்ற யாரும் வாய்விட்டுக் கேக்கக் கூடாது."

இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணுகிறேன், இது எனக்குத் தெரியாது. கத்தியதெல்லாம் என் நாக்கிலேயே கசந்தது. மனுஷன் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது. ஆனால் பாசத்தைக் கொட்டிக்கொண்டிருந்தால் பீப்பாய் இளைக்காதே.

"சரி, யாரும் கேக்க வேணாம். நீங்க போய் அவங்களக் கேளுங்க" என்றேன்.

மறுநாள் சோற்றுச் சட்டியையும் கரண்டியையும் இவர் கையில் கொடுத்துவிட்டுக் கல்லாவில் நான் உட்கார்ந்துகொண்டேன். என்னோடு பாத்திரம் கழுவுகிற அக்காவிடம் தட்டு வருவதைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். இவர் முதலில் கல்யாண வீட்டில் தொலைந்தவர் மாதிரி நின்றார். அப்புறம் ஒவ்வொரு மேசையாக நகர்ந்தார். "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" சிலர் தட்டை நீட்டினார்கள். பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் தட்டைக் கையால் மூடினார்.

இவர் முகம் சுண்டிவிட்டது. "ஏன் சார், நல்லா இல்லையா?"

"ஐயோ, பிரமாதம்! வயசாச்சு சார், இவ்வளவுதான் முடியுது. நீங்க கல்லாவுல இருந்து பாக்குறீங்களேன்னு தினம் பேப்பரப் போட்டு மூடிட்டு ஓடுவேன். சில நாள் அந்த வெக்கத்துலயே வராம இருந்திருக்கேன். இன்னைக்குத்தான் நிம்மதியாத் தின்னேன்."

நான் கல்லாவில் வாயைப் பொத்திக்கொண்டேன். இவர் கரண்டியோடு அங்கேயே நின்றார். அன்றிலிருந்து இவரை உட்காரச் சொன்னாலும் உட்காருவதில்லை. யார் எவ்வளவு தின்பார் என்பது மனப்பாடமாகிவிட்டது. சமையல் மாஸ்டர் இப்போது ஒரு அடுப்பை அணைத்தே வைத்திருக்கிறார்; ஒரு பானைச் சோறு வடிப்பது நின்றுவிட்டது. கேஸ் சிலிண்டர் கூடுதல் நாள் வந்தது. மாசக் கடைசியில் எல்லாருக்கும் கொடுத்த பிறகும் கல்லாவில் பணம் இருந்தது. நம்ப முடியாமல் இழுப்பறையை இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

அண்ணன் பதில் கேட்க வந்தபோது நல்ல கூட்டம். "என்ன மாப்பிள்ளை, முடிவு பண்ணிட்டீங்களா?" என்றார். இவர், "சாப்பிடுங்க மச்சான்" என்று பரிமாறிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, "கோவிச்சுக்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள் இங்கயே ஓட்டிப் பாக்குறோம்" என்றார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ரொம்பத் தீவிரமாகச் சில்லறை தேடினேன்.

எல்லாரும் போன பிறகு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குப் போட்டுக்கொண்டு, இவர் தட்டிலும் போட்டேன். வீட்டிலும் சரி, கடையிலும் சரி, இவர் தட்டு காலியாவதற்குள் நானே பார்த்துப் போட்டுவிடுவது வழக்கம். அன்றைக்கு அசதியில் கவனிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். முழங்கையில் ஏதோ இடித்தது. திரும்பினால், ஒரு பருக்கை இல்லாமல் வழித்த தட்டு. இவர் அதை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றார்.