விட்டுக்கொடுத்த பந்து

பந்து வலையைத் தாண்டி வின்ஸ்டனின் பக்கம் வந்தபோது, அவனுடைய கட்டைவிரல் பொத்தானிலிருந்து எழும்பி அந்தரத்தில் நின்றதை அருள்செல்வி பார்த்துவிட்டாள். டிவியில் அவனுடைய ஆட்டக்காரன் மட்டையை வீசாமல் சும்மா நின்றான். பந்து அவனைக் கடந்து கோட்டுக்குள் விழுந்தது. "அடச்சே, போச்சே!" என்றான் வின்ஸ்டன். கொஞ்சம் தாமதமாக வந்த அடச்சே அது.

"நீதான் செயிச்சே செல்வி. கை நல்லா வேல செய்யுது பாரு."

சர்ச்சில் பூசை முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. புலியகுளம் வீட்டின் முன்னறையில் கணவனும் மனைவியும் பாயில் உட்கார்ந்து டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆட்டத்தில் அவள் திரையைப் பார்க்கவில்லை, அவன் கையைத்தான் பார்த்தாள். மறுபடியும் அதே இடத்தில் விரல் எழும்பியது. எவ்வளவு லேசாக எழும்புகிறது என்று நினைத்தாள். அவளுக்கு அமுக்குவது ஓரளவு வந்துவிட்டது. அமுக்கிய விரலை மேலே தூக்குவதுதான் இன்னும் பெரும்பாடு.

பக்கவாதம் வந்தது கோடை தொடங்கும் சமயத்தில். அரிசி களைந்துகொண்டிருந்தவளின் கையிலிருந்து போசி நழுவியது, பிறகு அவளே நழுவினாள். மருத்துவமனையிலிருந்து திரும்பி ஒரு மாதத்துக்குள் கால் சரியாகிவிட்டது. பேச்சில் இருந்த குழறலும் போய்விட்டது. வலது கைதான் பின்தங்கிவிட்டது. அதிலும் கட்டைவிரல், வேறு யாருடையதோ போல இருந்தது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கேதான். காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்திருக்கும் சர்க்கரை நோயாளிகள், அம்மாவின் தோளில் முகம் புதைத்த குழந்தைகள், ஊசி என்றாலே நெஞ்சு படபடக்கிற போலீஸ்காரர்கள். அந்தக் காலைகளுக்காகத்தான் அவள் விரலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

பிசியோதெரபி செய்கிற லோகப்பிரியா களிமண் பிசையச் சொன்னாள், துணிக் கிளிப்பை அமுக்கச் சொன்னாள், கிண்ணத்தில் போட்ட காசுகளைப் பொறுக்கச் சொன்னாள். பத்து நாளில் அருள்செல்விக்கு அலுத்துவிட்டது. "அப்ப வீடியோ கேம் ஏதாச்சும் ஆடுங்கக்கா. கட்டைவிரலுக்கு அதவிட நல்ல வேல இல்லீங்க" என்றாள் அந்தப் பெண், விளையாட்டாகத்தான்.

அன்று சாயந்திரமே வின்ஸ்டன் கிராஸ்கட் ரோட்டில் ஒரு புது மெஷினை வாங்கி வந்துவிட்டான். அதன் கன்ட்ரோலர் வழவழவென்று உள்ளங்கைக்கு ஏற்றபடி வளைந்திருந்தது. இரண்டு குச்சிகள், வலப்புறம் நாலு பொத்தான்கள், பின்னால் ஆள்காட்டி விரல்களுக்கு இன்னும் நாலு. திரையில் குண்டு வெடித்தபோது அது கைக்குள் அதிர்ந்தது. உணர்ச்சி குறைந்த கையிலிருந்து எப்போது நழுவியதென்றே அவளுக்குத் தெரியவில்லை. தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரிந்தது. வின்ஸ்டன் ஓடி வந்து எடுத்தான், துடைத்தான், அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். "இதெல்லாம் எதுக்கு, நீ பேசாம ரெஸ்ட் எடு" என்றான்.

பிறகு ஒரு நாள் போனில் விளம்பரம் ஒன்று வந்தது. அந்தக் காலத்து வீடியோ கேம் கன்ட்ரோலரை ஒரு கம்பெனி அச்சு அசலாகத் திரும்பவும் செய்து விற்கிறதாம். சோப்பு டப்பா போலச் சாம்பல் நிறத்தில் ஒரு செவ்வகம். இடப்பக்கம் ஒரு சிலுவைக் கட்டை, வலப்பக்கம் இரண்டு சிவப்புப் பொத்தான்கள். ஒயர் மட்டும் இல்லை. அடியில் சார்ஜ் போடும் ஓட்டை. வின்ஸ்டன் வாங்கிய மெஷினிலேயே இதை வைத்து அந்தக் காலத்து டென்னிஸ் ஆடலாமாம். அவள் வீட்டில் சின்ன வயதில் அப்படி எதுவும் இருந்ததில்லை. பழைய நினைவென்று உருக அவளுக்கு ஒன்றும் இல்லை. இரண்டே இரண்டு பொத்தான்கள் என்பதைத்தான் அவள் பார்த்தாள். யாரையும் கேட்காமல் ஒரு ஜோடிக்கு ஆர்டர் போட்டாள்.

வந்ததைக் கையில் எடுத்தவுடனே ஒரு விஷயம் புரிந்தது. அதன் மூலைகள் கூராக இருந்தன. உள்ளங்கையில் குத்தின. வாங்கினவர்களில் பாதிப்பேர் அதைத்தான் குறையாக எழுதியிருந்தார்கள். ஆனால் மரத்துப்போன அவள் கைக்கு அந்தக் குத்தல்தான் தகவல் சொன்னது: நான் இங்கே இருக்கிறேன், இன்னும் நழுவவில்லை. வின்ஸ்டன் கணபதியில் மோட்டார் பம்பு கம்பெனிக்குக் கிளம்பிய பிறகு, பகல் முழுக்கத் தனியாக ஆடினாள். முதலில் பந்தே படவில்லை. ஒருமுறை அமுக்கினால் விரல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. இடது கையால் அதைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அப்புறம் தானாகத் தூக்கினாள். அப்புறம் தூக்கி, பக்கத்துப் பொத்தானில் வைத்தாள். அதற்குள் தென்மேற்கு மழை தொடங்கி நொய்யலில் தண்ணீர் வந்துவிட்டது.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு அப்படிச் சுட்டது. பையனாக இருந்தபோது நண்பன் வீட்டில் இதே ஆட்டத்தை ஆடி ஆடித் தேய்ந்தவன் வின்ஸ்டன். அவனைத் தோற்கடித்துவிட்டதாக மூன்று வாரமாய் நம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பரிசோதனை நிலையத்து டாக்டர் தனபாலுக்குப் போன் செய்தாள். அடுத்த மாதம் வேலைக்கு வரலாமா என்று கேட்டாள்.

டாக்டருக்கு ஆச்சரியமாக இருந்தது. "ஏனுங்க அம்மணி, வின்ஸ்டன் அப்பவே நேர்ல வந்து சொல்லிப்போட்டாருங்களே, நீங்க இனிமேல் வரமாட்டீங்கன்னு. உங்க எடத்துக்கு ஒரு புள்ளைய எடுத்தாச்சுங்க."

"நான் சொல்லலீங்க டாக்டர்."

"என்னங்க சொல்றீங்க?"

"நான் வரமாட்டேன்னு சொல்லவே இல்லீங்க."

"சரிங்க. ஒரு நாளைக்கு வாங்க. ஊசி பிடிக்க முடியுதான்னு பாக்கலாம். ஆனா வேல இருக்குதுன்னு இப்ப வாக்கு குடுக்க முடியாதுங்க அம்மணி."

போனை வைத்துவிட்டு, பாயில் கிடந்த இரண்டு கன்ட்ரோலர்களையும் பார்த்தாள். பந்தை விட்டவனும் வேலையை விட்டவனும் ஒரே ஆள்தான். இரண்டையும் அவளுக்காகத்தான் செய்தான். அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. வேறு யாராவது என்றால் கத்தித் தீர்த்திருப்பாள்.

சாயந்திரம் பொழுதோட வின்ஸ்டன் வந்து கைகால் கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும், காப்பிக்குப் பதிலாக ஒரு கன்ட்ரோலரை அவன் முன்னால் வைத்தாள்.

"டாக்டர்கிட்ட என்னன்னு சொன்னீங்க?"

அவன் முகம் மாறியது. துண்டால் ஈரமில்லாத கையைத் துடைத்தான். "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"அன்னிக்கு அடுப்படியில நீ கெடந்த கெடையப் பாத்தவன் நான் செல்வி. உனக்கு அது தெரியாது. நீ பாக்கல." முன்னால் இருந்த கன்ட்ரோலரை ஓரமாகத் தள்ளினான். "மறுக்கா உன்னைய அப்புடிப் பாக்க என்னால ஆகாது. வேல, டென்ஷன், வெறும் வயித்துல ஓட்டம்... எதுக்கு? ஊட்டுல இரு. நான் இருக்கறேன்ல?"

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் பயந்திருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ராத்திரியில் அவள் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பவன். தூங்குகிற மாதிரி அவளும் படுத்துக்கிடப்பாள்.

"நீங்க பயப்படுங்க. வேண்டாங்கல. ஆனா உங்க பயத்துக்காக என்னைய ஊட்டுல பூட்டி வெக்காதீங்க," என்றாள். "இன்னியிலிருந்து ஒரு பந்தையும் விடக்கூடாது. தோத்தா நான் தோத்துக்கறேன். ஆடுங்க."

"செல்வி..."

"ஆடுங்கன்னு சொன்னேன்."

அவன் ஆடினான். முதலில் தயங்கி, பிறகு அவள் முறைத்ததும் ஒழுங்காக. அவளுக்கு ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. பந்து மூலைக்கு மூலை பறந்தது. அவளுடைய ஆட்டக்காரி ஓடி ஓடிக் களைத்தாள். கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் ஒரு நிம்மதி. கடைசியில் தன் கை எந்த இடத்தில் இருக்கிறதென்று நிஜமாகத் தெரிந்துவிட்டது. "மறுக்கா," என்றாள்.

தினமும் பொழுதோட அதே கதைதான். வின்ஸ்டனுக்கு முதலில் அது தண்டனையாக இருந்தது. பிறகு அவனை அறியாமலே ஆட்டம் அவனைப் பிடித்துக்கொண்டது. தள்ளி உட்கார், திரை மறைக்கிறது என்று அதட்ட ஆரம்பித்தான். அவள் தோற்றாள், மறுநாள் கொஞ்சம் குறைவாகத் தோற்றாள், அதற்கு மறுநாள் இன்னும் மோசமாகத் தோற்றாள். லோகப்பிரியா விரலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "ஏதோ வித்தை பண்றீங்கக்கா," என்றாள்.

மழை விட்டிருந்த ஒரு சாயந்திரம். அவள் பந்தை உயரமாகத் தூக்கி அவன் தலைக்கு மேல் அனுப்பினாள். பின்னோக்கி ஓடியவனின் மட்டை காற்றில் வீசியது. பந்து பின்கோட்டுக்குள் விழுந்தது. "எப்புடி! இது எப்புடிப் போவும்!" வின்ஸ்டன் முழங்காலில் எழுந்து நின்று கத்தினான். "இந்த ரிமோட்டுல சார்ஜ் இல்ல. நான் அமுக்குனேன், வேலையே செய்யல!" அருள்செல்வி அவன் கட்டைவிரலைப் பார்த்தாள். பொத்தானை இன்னும் விடாமல், நகம் வெளுக்க அமுக்கிக்கொண்டிருந்தது. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டில் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே ஆர்.எஸ்.புரம் போனாள். பைக்கில் கொண்டுபோய் விட்டது வின்ஸ்டன்தான். பயிற்சிக்கு வைத்திருக்கும் ரப்பர் கையை டாக்டர் தனபால் மேசைமேல் எடுத்துப் போட்டார். முதல் தடவை ஊசி வழுக்கிவிட்டது. இரண்டாம் தடவை சரியாக இறங்கியது. மூன்றாம் தடவையும். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரப்பர் அசையாதுங்க அம்மணி. மனுசங்க அசைவாங்க. நோயாளிங்க கையில இப்பவே உங்கள ரத்தம் எடுக்க விட எனக்குத் தைரியமில்ல."

புதிதாகச் சேர்ந்திருந்த சாய்ப்ரியா, வேலை போய்விடுமோ என்ற கவலையும் மரியாதையும் கலந்த முகத்தோடு ஓரமாக நின்றாள். தன் கையை நீட்டலாமா என்று அவள் யோசிப்பது தெரிந்தது. அதற்குள் வெளியே பெஞ்சில் ஹெல்மெட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த வின்ஸ்டன் உள்ளே வந்துவிட்டான்.

"என் கையில எடுக்கட்டுங்க டாக்டர்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டான். அருள்செல்வி புஜத்தில் பட்டையை இறுக்கினாள். முழங்கை மடிப்பில் நரம்பு பச்சையாக எழும்பியது.

"சுவத்தப் பாத்துக்கோங்க."

"இல்ல. இங்கயே பாக்கறேன்," என்றான் அவன். நெற்றியில் வேர்த்திருந்தது. கை மட்டும் அசையாமல் மேசைமேல் கிடந்தது.

அவள் பஞ்சால் துடைத்தாள். வலது கையில் ஊசியை எடுத்துக்கொண்டு, தோலில் ஸ்பிரிட்டின் ஈரம் ஆறுவதற்காகக் காத்திருந்தாள்.