ஒரு கீறல்கூட இல்லாத வண்டி

என் காரின் முள் பொய் சொல்கிறது என்றார் மெக்கானிக். என் வீட்டுக்காரர் முள்ளை நம்பினார்; மெக்கானிக்கை நம்பவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர் அவர்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போகையில், டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் இரண்டு முறை சிவப்பைத் தொட்டுவிட்டது. இரண்டு முறையும் இவர் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, எல்லோரையும் இறக்கி, எட்ட நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். புகையும் இல்லை, ஆவியும் இல்லை. மெக்கானிக்கும் எல்லாவற்றையும் சோதித்தார். "தண்ணி குறையல, ஃபேன் ஓடுது. சந்தேகம் இருந்தா தனியா ஒரு மீட்டர் மாட்டிப் பாருங்க" என்றார். அதற்குள் இவர் நாத்தனாரின் பக்கத்து வீட்டுக்காரரிடம் வண்டியை விற்கப் பேசியே முடித்திருந்தார்.

அது என் சம்பளத்தில் நான் வாங்கிய வண்டி. யார் கையையும் எதிர்பார்க்காமல் வேலைக்குப் போய்வருவது அதனால்தான். நான் ஆடிய ஆட்டத்தில் இவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சரி, மீட்டரை மாட்டு. ஞாயித்துக்கிழமை அக்காவைக் கொண்டுபோய் விடப் போறோம்ல, அப்ப பாக்கலாம். புது முள்ளு நூறு டிகிரியைத் தாண்டினா சாவியை அங்கேயே குடுத்துட்டு பஸ்ல திரும்புறோம். தாண்டலைன்னா விக்கிற பேச்சையே எடுக்கமாட்டேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்றேன்.

"நான் சாட்சி" என்றார், எங்கள் வீட்டில் தங்கியிருந்த நாத்தனார். தம்பி தோற்பதைப் பார்ப்பதில் அவருக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம்.

பானெட்டுக்குள் சூட்டை அளக்கும் சென்சாரை மெக்கானிக் பொருத்திக் கொடுத்தார். உள்வேலையை நானே செய்துகொள்கிறேன் என்றேன். என் வண்டிக்குள் இன்னொருவர் ஸ்க்ரூடிரைவரோடு நுழைவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வாங்கியதிலிருந்து உள்ளே ஒரு கீறல்கூட விழாமல் வைத்திருக்கிறேன். துளை போட மனமில்லாமல் மீட்டரை ஸ்டியரிங் பக்கத்தில் இருபுறம் ஒட்டும் டேப்பால் உட்காரவைத்தேன். சென்சார் ஒயரை இன்ஜின் பக்கமிருந்து ரப்பர் வளையம் வழியாக உள்ளே இழுத்தேன். சிவப்பு ஒயர், சாவி திருப்பினால் கரண்ட் வரும் ஃபியூஸுக்கு. ஆரஞ்சு, ஹெட்லைட் போட்டால் மீட்டருக்குள் எரியும் குட்டி விளக்குக்கு. கறுப்பு, எர்த்; கரண்ட் வண்டியின் இரும்பு வழியாகத் திரும்பிப் போக. பெட்டியோடு வந்த தாளில், டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் போல்ட்டைச் சுற்றிப் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, பளபளக்கும் இரும்பில் கறுப்பை இறுக்கச் சொல்லியிருந்தது.

சுரண்டுவதாவது! பெயிண்டின் மேலேயே வைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்கினேன். சாவியைத் திருப்பியதும் புது முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து சமர்த்தாக நின்றது. எனக்கு வாயெல்லாம் பல்.

ஞாயிற்றுக்கிழமை நான் ஓட்டினேன். இவர் பக்கத்தில், நாத்தனார் பின்னால். பாதி மலையில் பழைய முள் சிவப்புக்குப் போனது. புது முள் தொண்ணூறில் நின்றது. நான் விசிலடிக்கக்கூடத் தொடங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து மேகம் இறங்கிச் சாலையை மூடியது.

"லைட்டைப் போடு" என்றார் இவர்.

போட்டேன். புது முள் துள்ளி நூற்றுப் பதினைந்தில் போய் நின்றது.

"பாத்தியா! ரெண்டு முள்ளுமா பொய் சொல்லும்?"

வண்டியை ஓரங்கட்டினேன். சாவி கை மாறுவது கண் முன்னால் தெரிந்தது, அழுகையே வந்துவிட்டது.

"அடுப்புல வெச்ச தண்ணிகூட இப்படி ஒரே தாவா தாவாதுடா" என்றார் பின்னாலிருந்து நாத்தனார். "லைட்டை அணைச்சுப் பாரும்மா."

அணைத்தேன். தொண்ணூறு. போட்டேன். நூற்றுப் பதினைந்து.

"லைட்டு போட்டா இன்ஜின் கொதிக்குதா?" என்று இவரே விழித்தார்.

எனக்குச் சட்டென்று உறைத்தது. கொதித்தது இன்ஜின் இல்லை. குட்டி விளக்கும் முள்ளும் ஒரே கறுப்பு ஒயரை நம்பியிருக்கின்றன. பெயிண்ட் அதற்கு முழுசாக வழி விடவில்லை. விளக்கு எரிந்தால் முள்ளுக்குக் கணக்குத் தப்புகிறது. நான் செல்லம் கொடுத்த பெயிண்ட்தான் என் வண்டியை விற்கப் பார்த்தது.

"அண்ணி, சுரண்ட ஏதாவது இருக்கா?"

கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் அரத்தை எடுத்துத் தந்தார். இன்ஜினை அணைத்துவிட்டு டேஷ்போர்டின் அடியில் தலையை நுழைத்தேன். இவர் செல்போன் வெளிச்சம் பிடித்தார். போல்ட்டைக் கழற்றி அரத்தை வைத்தேன். கை நகரவில்லை.

"குடு, நான் சுரண்டுறேன்" என்றார்.

"தொடாதீங்க! என் வண்டி, நானே பண்றேன்."

கண்ணை மூடிக்கொண்டு ஒரு இழு இழுத்தேன். கிரீச் என்ற சத்தத்தில் எனக்குத்தான் பல் கூசியது. வெள்ளையாக இரும்பு தெரிகிறவரை சுரண்டி, கறுப்பு ஒயரை அதில் இறுக்கினேன்.

மறுபடி கிளப்பி லைட்டைப் போட்டேன். முள் அசையவில்லை. உச்சி வரை ஏறியும் தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, அவ்வளவுதான். பழைய முள் மட்டும் சிவப்பில் நின்று கத்திக்கொண்டிருந்தது. இவர் மிச்சமிருந்த டேப்பைக் கிழித்து அதன் மூஞ்சியில் ஒட்டினார். அந்த மனிதரை அப்போது எனக்கு ரொம்பப் பிடித்தது.

பின்னால் நாத்தனார் போனை எடுத்து, வண்டியைக் கேட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, வண்டி இனிமே விக்கிறதுக்கில்லப்பா. இன்ஜின் எல்லாம் ஜோரா இருக்கு. ஆனா உள்ள ஒரு கீறல் விழுந்திருக்கு, உனக்குப் பிடிக்காது."