தலையணைக்கு அடியில் ஒரு நோட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு கதவுக்குப் பின்னால் கிடைத்தது. பழைய கல்லூரி ஒன்றின் விருந்தினர் அறையில் தங்கியிருந்தேன். கதவின் பின்புறம் விதிகளை ஒட்டியிருந்தார்கள்: புல்வெளியில் நடக்கக் கூடாது, மூத்த பேராசிரியர் உட்காரும்வரை யாரும் உட்காரக் கூடாது. அறையைச் சுத்தம் செய்பவருக்கு டிப்ஸ் எப்படிக் கொடுப்பது என்று மட்டும் ஒரு வரி இல்லை. எழுதாத விதி எப்படித்தான் வேலை செய்கிறது? அந்தக் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

2

கோபுரத்து மணி ஒலித்தபோது அவள்—

(வேண்டாம். மணி அடித்துத் தொடங்க இதென்ன பள்ளிக்கூடமா?)

பஸ் கண்டக்டரான அக்கா தம்பியைப் பார்க்க வந்திருந்தாள். அவனுக்கு அந்தக் கல்லூரியில் அப்போதுதான் விரிவுரையாளர் வேலை கிடைத்திருந்தது.

(முதலில் அவளை ஆசிரியையாக்கிப் பார்த்தேன். ஆசிரியை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வாள். கதை அங்கேயே படுத்துவிடும். கண்டக்டர் கேட்க மாட்டாள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள்.)

“அக்கா, இங்க எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு. எல்லார் முன்னாடியும் என் மானத்தை வாங்கிடாதே.”

“உன் மானம் எனக்கு எதுக்குடா? என்னோடதே நிறைய இருக்கு.”

3

நான் கதைக்காகக் கட்டிய கல்லூரியில் முறை இதுதான். கிளம்பும் விருந்தினர் படுக்கை விரிப்பை உருவிப் போட்டுவிட்டு, வெறும் மெத்தைமேல் பணத்தை வைப்பார். ‘நான் போகிறேன், இது உங்களுக்கு’ என்று அர்த்தம். விரிப்பு அப்படியே இருந்தால், அங்கே கிடக்கும் பணம் மறந்துபோன பொருள். சுத்தம் செய்பவர் அதை வாட்ச்மேனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். என்ன அழகான ஏற்பாடு, பாருங்கள்! ஒருவர்மீதும் திருட்டுப் பழி விழாமல் ஒரு துணி காவல் காக்கிறது.

விருந்தினர் அறையில் தங்கியிருந்த அக்காவோ, கிளம்பும் நாள் காலையில், வந்த இடத்தில் நல்ல பெயர் வாங்க நினைத்து, விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டாள். டிப்ஸுக்கு எடுத்த ரூபாய் நோட்டைக் கண்டக்டர் பழக்கத்தில் நீளவாக்கில் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

4

காலைச் சாப்பாட்டுக் கூடம். வாட்ச்மேன் நேராக அவளிடம் வந்து நோட்டைத் தூக்கிக் காட்டினார். அவர் குரல் வாசல் கேட்டுக்குப் பழகிய குரல்.

“அம்மா! தலையணைக்கு அடியில மறந்துட்டு வந்துட்டீங்க!”

“நல்லவேளை, கிடைச்சுதே!” என்றார் மூத்த பேராசிரியர். மேசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. தம்பி கரண்டியைக் கீழே வைத்தான். வாசலில், அழுக்குத் துணிக்கூடையோடு, சுத்தம் செய்யும் பெண் நின்றிருந்தாள்.

5

முதல் முடிவு: “ஆமாங்க, என்னோடதுதான்” என்று அக்கா வாங்கிக்கொள்கிறாள். தம்பியின் மானம் பிழைக்கும். அந்தப் பெண் வெறுங்கையோடு போவாள்.

இரண்டாவது: “அது அவங்களுக்கு வச்சதுங்க” என்கிறாள். பணம் உரிய கைக்குப் போகும். புதிய விரிவுரையாளரின் அக்காவுக்கு முறை தெரியாதென்று மேசைக்கே தெரிந்துவிடும்.

மூன்றாவதில் தம்பி எழுந்து, “நான்தான் வச்சேன்” என்றான். எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அந்த மடிப்பை அவனுக்கு நன்றாகத் தெரியும்; அவன் படிப்புச் செலவெல்லாம் அப்படி மடித்துத்தான் வந்தது. அதைத் தன் மடிப்பு என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

ஆனால் எழுந்தது எழுந்ததுதான். அதை மட்டும் அடிக்க எனக்கு மனம் வரவில்லை. மூத்த பேராசிரியர் உட்கார்ந்திருக்க, அவன் நிற்கிறான். அக்கா அவனைப் பார்க்கிறாள். ‘சொல்லு’ என்கிறானா, ‘சொல்லிடாதே’ என்கிறானா? நான் எவ்வளவு குனிந்து பார்த்தாலும் தெரியவில்லை.

நீங்கள் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள், சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம்; வாட்ச்மேன் இன்னும் கையை இறக்கவில்லை, அவருக்குத் தோள்வலி வேறு.